கேட்ச் இருந்தும் பிடிபடாத எக்ஸெப்ஷன்: ஜிட் கம்பைலரும் ஒரு பதிவேடும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் குறைத்திருக்கிறோம். மற்றபடி பேசியது பேசியபடி.)

வெளிய மழை. பின்னாடி தகரக் கூரையில சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, புதுக்கோட்டைல மழை பெய்யுறதே பெரிய விஷயம், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரல.

போன வாரம் ஒரு தம்பி மெயில் போட்டிருந்தாரு. "அண்ணா, சி பிளஸ் பிளஸ் எக்ஸெப்ஷன் எல்லாம் இப்ப யாரு யூஸ் பண்றா?" நான் பண்றேன் தம்பி. பண்ணி மூணு ராத்திரி தூக்கம் போச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

நான் முன்னாடி இருந்த ஒரு டீம்ல, கஸ்டமர்களே ஃபார்முலா எழுதிக்கிற மாதிரி ஒரு சர்வீஸ் வச்சிருந்தோம். எக்செல்ல எழுதுவீங்கல்ல, அந்த மாதிரி. இவ்வளவு சரக்கு எடுத்தா இவ்வளவு தள்ளுபடி, இத்தனை நாள் லேட்டானா இவ்வளவு வட்டி. ஒரே ஃபார்முலா ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான தடவை ஓடும். ஒவ்வொரு தடவையும் அதை எழுத்தெழுத்தாப் படிச்சுக் கணக்குப் போட்டா மெதுவா இருக்குன்னு, ஃபார்முலாவை நேரா மெஷின் கோடா மாத்தி, மெமரில வச்சு, அங்கயே ஓட்டுவோம். புரோகிராம் ஓடிட்டிருக்கும்போதே தேவைப்படுற நேரத்துல கம்பைல் பண்றதால இதுக்கு ஜஸ்ட் இன் டைம் கம்பைலர்னு பேரு. சுருக்கமா ஜிட்.

எங்களுக்கு அந்த மெஷின் கோட் எழுதிக் கொடுத்தது எல்எல்விஎம். 2000-ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல மாணவரா இருந்த கிறிஸ் லாட்னரும் அவரோட பேராசிரியர் விக்ரம் அட்வேயும் ஆரம்பிச்ச புராஜெக்ட். அட்வே மும்பை ஐஐடில படிச்சவர். 2012-க்கான ஏசிஎம் சாஃப்ட்வேர் சிஸ்டம் விருது இவங்க ரெண்டு பேருக்கும் இவான் செங்குக்கும் சேர்த்துக் கிடைச்சது. இன்னைக்கு உங்க போன்ல ஓடுற ஆப்ல பாதிக்கு மேல ஏதோ ஒரு கட்டத்துல எல்எல்விஎம் கை பட்டிருக்கும்னு தைரியமா சொல்லலாம்.

சரி, பிரச்சினைக்கு வருவோம். ஃபார்முலாவுல வகுத்தல் வந்தா, ஜிட் கோட் தானா வகுக்காது. நாங்க சி பிளஸ் பிளஸ்ல எழுதி வச்ச ஒரு உதவி ஃபங்ஷனைக் கூப்பிடும். அங்க பூஜ்யத்தால வகுக்கச் சொன்னா எக்ஸெப்ஷன் த்ரோ பண்ணும். வெளிய, எல்லா ஃபார்முலாவையும் ஓட்டுற மெயின் லூப்ல ட்ரை-கேட்ச் இருக்கு. பிடிச்சு, "உங்க ஃபார்முலா தப்பு"ன்னு அந்த ஒரு கஸ்டமருக்கு மட்டும் சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போகணும். டிசைன் பேசின அன்னைக்கு மேனேஜர் கிட்ட நான்தான் சொன்னேன்: "ட்ரை-கேட்ச் போட்டாச்சு சார், கவலையே வேண்டாம்."

ஒரு மாசக் கடைசி ராத்திரி ஒரு கஸ்டமரோட ஃபார்முலாவுல பூஜ்யம் வந்துச்சு. மொத்த புராசஸும் செத்துப் போச்சு. அந்த ஒருத்தர் கணக்கு மட்டும் இல்ல, அதே நேரத்துல ஓடிட்டிருந்த எல்லார் கணக்கும் போச்சு. லாக்ல ஒரே ஒரு வரி: இந்த எக்ஸெப்ஷன் த்ரோ ஆன பிறகு டெர்மினேட் கூப்பிடப்பட்டது. அதாவது, யாரும் இதைப் பிடிக்கலன்னு அர்த்தம். ஆனா கேட்ச் இருக்கு! என் கண்ணு முன்னாடி, பன்னிரண்டு வரி தள்ளி இருக்கு!

த்ரோ பண்ணா என்ன நடக்குது?

நம்மள்ல நிறைய பேர் நினைக்கிறது, த்ரோ பண்ணா அது நேரா பறந்து போய் கேட்ச்ல விழும்னு. அப்படி இல்ல. நிஜத்துல அது வந்த வழியே நடந்து திரும்புற வேலை.

மெயின் லூப் ஃபார்முலாவைக் கூப்பிட்டுச்சு, ஃபார்முலா உதவி ஃபங்ஷனைக் கூப்பிட்டுச்சு. ஸ்டாக்ல மூணு ஃப்ரேம் ஒண்ணு மேல ஒண்ணா நிக்குது. த்ரோ ஆன உடனே அன்வைண்டர்னு ஒரு லைப்ரரி வேலையை எடுத்துக்கும். லினக்ஸ்ல ஜிசிசி யூஸ் பண்ணா அது லிப்ஜிசிசிக்குள்ள இருக்கு. இது ரெண்டு சுற்று போகும். முதல் சுற்றுல எதையும் தொடாது, ஒவ்வொரு ஃப்ரேமா மேல ஏறி, "இங்க யாராவது பிடிப்பீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே போகும். ஆள் கிடைச்சாதான் ரெண்டாவது சுற்று. அப்பதான் நடுவுல இருக்கிற ஃப்ரேம்களோட டெஸ்ட்ரக்டரை எல்லாம் ஓட்டி, ஸ்டாக்கைக் கலைச்சு, கேட்ச்ல கொண்டுபோய் விடும். முதல் சுற்றுல ஆள் கிடைக்கலைன்னா டெர்மினேட். அவ்வளவுதான்.

இப்ப கேள்வி: ஒரு ஃப்ரேம்ல இருந்து மேல இருக்கிற ஃப்ரேமுக்கு எப்படி ஏறுறது? ரிட்டர்ன் அட்ரஸ் ஸ்டாக்ல எங்கயோ இருக்கு, ஆனா எங்க? ஒவ்வொரு ஃபங்ஷனும் ஸ்டாக்ல எவ்வளவு இடம் எடுத்துக்கிச்சு, எந்த ரெஜிஸ்டரை எங்க ஒளிச்சு வச்சிருக்குன்னு பார்த்தா தெரியாது. கம்பைலருக்கு மட்டும்தான் தெரியும். அதனால கம்பைல் பண்ணும்போதே அது ஒரு அட்டவணையை எழுதி பைனரியோட சேர்த்து வைக்கும். அந்த செக்‌ஷன் பேரு ஈஹெச்-ஃப்ரேம். அதுக்குள்ள ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பதிவு, எஃப்டிஇன்னு சொல்லுவாங்க. "இந்த அட்ரஸ்ல ஆரம்பிச்சு இத்தனை பைட் வரைக்கும் என்னோட இடம். இதுல எந்த வரில நின்னாலும், திரும்பிப் போற அட்ரஸ் இங்க இருக்கு, பழைய ரெஜிஸ்டர் மதிப்பு அங்க இருக்கு." பல எஃப்டிஇக்குப் பொதுவான விவரத்தை சிஐஇன்னு இன்னொரு பதிவுல ஒரே தடவை எழுதி வைப்பாங்க.

இந்த முறைல ஒரு அழகு இருக்கு. எக்ஸெப்ஷன் வராத வரைக்கும் ட்ரை பிளாக்குக்குன்னு தனியா ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன்கூட ஓடாது. அட்டவணை பாட்டுக்கு டிஸ்க்ல தூங்கும். அதனாலதான் இதை "ஜீரோ காஸ்ட்"னு சொல்றாங்க. செலவே இல்லைன்னு இல்ல. த்ரோ ஆகுற அன்னைக்கு மொத்தமா வசூல் பண்ணிக்கும்.

எங்க ஊரைப் பார்த்திருக்கீங்களா? பழைய புதுக்கோட்டை டவுன் வீதியெல்லாம் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, அப்புறம் கீழ ரெண்டாம் வீதி, மேல மூணாம் வீதின்னு நம்பர் வரிசைல போகும். ஊருக்குப் புதுசா வந்த கூரியர் பையன்கூட யாரையும் கேக்காம அட்ரஸைப் பிடிச்சுடுவான். சாதாரணமா கம்பைல் ஆன பைனரி அப்படித்தான். ஈஹெச்-ஃப்ரேமோட கூடவே, அட்ரஸ் வரிசைல அடுக்கின ஒரு சின்ன தேடுபட்டியலும் இருக்கும். அன்வைண்டர் முதல்ல, "இந்த அட்ரஸ் எந்த லைப்ரரிக்குள்ள வருது?"ன்னு லோடர் கிட்ட கேட்கும். பதில் வந்ததும் அந்த லைப்ரரியோட பட்டியல்ல பாதி பாதியா வெட்டித் தேடி எஃப்டிஇயை எடுத்துடும்.

இப்ப ஊருக்கு வெளிய, போன மாசம் பிளாட் போட்டு ஒரு வீடு கட்டியாச்சு. லைட் எரியுது, ஆள் குடியிருக்காங்க, சமையல் நடக்குது. ஆனா நகருக்குப் பேரு வைக்கல, எந்தப் பதிவேட்டுலயும் ஏறல. கூரியர் பையன் என்ன பண்ணுவான்? பார்சலைத் திருப்பி அனுப்பிடுவான். எங்க ஃபார்முலா அந்த வீடுதான்.

ஜிட் கோட் எந்த ஃபைல்ல இருந்தும் வரல. எம்மேப் பண்ணி கொஞ்சம் மெமரி வாங்கி, அதுல பைட்களை எழுதி, "இது ஓடலாம்"னு பர்மிஷன் கொடுத்து, நேரா தாவிட்டோம். சிபியூவுக்கு அது போதும். அதுக்கு அட்ரஸ் இருந்தா சரி, ஊர் பேரெல்லாம் கேக்காது. ஆனா லோடருக்கு அப்படி ஒரு இடம் இருக்குறதே தெரியாது. அன்வைண்டர் உதவி ஃபங்ஷன்ல இருந்து ஒரு படி ஏறி, ஃபார்முலாவோட அட்ரஸைப் பார்த்து, பதிவேட்டுல தேடி, கிடைக்காம நிக்குது.

இந்த இடத்துல லிப்ஜிசிசி பண்ற ஒரு காரியம்தான் என்னை ரெண்டு நாள் சுத்தல்ல விட்டுச்சு. எஃப்டிஇ கிடைக்கலைன்னா அது "எனக்குத் தெரியல"ன்னு சொல்லாது. "ஸ்டாக் முடிஞ்சுடுச்சு"ன்னு சொல்லும். ரெண்டுக்கும் ஒரே ரிட்டர்ன் கோட். ஸ்டாக் முடியல, மெயின் லூப் மேலேயே உட்கார்ந்திருக்கு, கேட்சைத் திறந்து வச்சுக்கிட்டு காத்திருக்கு. ஆனா நடுவுல ஒரு படிக்கட்டு இருட்டா இருந்ததால, மாடியே இல்லைன்னு முடிவு பண்ணித் திரும்பிடுச்சு. அதுக்கப்புறம் டெர்மினேட்.

நடுவுல இருக்கிற ஃபார்முலா எதையும் பிடிக்கவே வேண்டாம், கவனிச்சீங்களா? அதுக்குள்ள ட்ரையும் இல்ல கேட்ச்சும் இல்ல. வழி விட்டா போதும். அந்த வழியைச் சொல்றதுக்கே ஒரு பதிவு வேணும்.

பதிவு பண்றது

ஜிட் எழுதுறவங்களுக்காகவே லிப்ஜிசிசில ஒரு ஃபங்ஷன் இருக்கு: ரெஜிஸ்டர் ஃப்ரேம். முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் இருக்கும். நீங்க உருவாக்கின ஈஹெச்-ஃப்ரேம் மெமரில எங்க இருக்குன்னு ஒரு பாயிண்டர் கொடுத்தா, அன்வைண்டர் அதைத் தன்னோட தனிப் பட்டியல்ல சேர்த்துக்கும். அடுத்த தடவை த்ரோ வரும்போது லோடர் கிட்ட போறதுக்கு முன்னாடியே இந்தப் பட்டியலைப் பார்க்கும். எல்எல்விஎம்ல மெமரி மேனேஜர்னு ஒரு கிளாஸ் இருக்கு, அதுல இதுக்குன்னே "ரெஜிஸ்டர் ஈஹெச் ஃப்ரேம்ஸ்"னு ஒரு மெத்தட். நாங்க வேகத்துக்காக சொந்தமா ஒரு மெமரி மேனேஜர் எழுதி, அந்த மெத்தடை காலியா விட்டிருந்தோம். யாரு எழுதினதுன்னு கேக்காதீங்க. கிட்ல என் பேருதான் வருது.

சரி, கண்டுபிடிச்சாச்சுன்னு மெத்தடை நிரப்பினேன். ஓட்டினேன். அதே டெர்மினேட்.

ஏன்னா பதிவு பண்ண ஒண்ணுமே இல்ல. "இந்த ஃபங்ஷன் எக்ஸெப்ஷன் விடாது"ன்னு சொல்ற நோஅன்வைண்ட் அட்ரிபியூட்டை எல்லா ஃபார்முலாவுக்கும் போட்டு வச்சிருந்தோம், ஆப்டிமைசருக்கு வசதின்னு. எல்எல்விஎம் நம்ம பேச்சை நம்பும். விடாதுன்னா அட்டவணை எதுக்குன்னு எஃப்டிஇயே எழுதல. அந்த அட்ரிபியூட்டை எடுத்தப்பதான் ஈஹெச்-ஃப்ரேம் செக்‌ஷனே பிறந்துச்சு. நிச்சயமா வேணும்னா யூடபிள்யூடேபிள்னு இன்னொரு அட்ரிபியூட் இருக்கு, அதைப் போட்டா எப்படியும் அட்டவணை எழுதிடும்.

அடுத்த பள்ளம் இன்னும் சின்னது: நாலு பைட். ரெஜிஸ்டர் ஃப்ரேம் ஒரே ஒரு பாயிண்டர்தான் வாங்கும். நீளம் வாங்காது. அப்ப செக்‌ஷன் எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்? நாலு பூஜ்ய பைட் வந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். சாதாரண புரோகிராம்ல லிங்க் பண்ணும்போது கடைசில சேர்ற ஒரு சின்ன ஆப்ஜெக்ட் ஃபைல் அந்த நாலு பூஜ்யத்தைக் கொண்டு வரும். நமக்குத் தெரியாமலே நடக்கும். ஜிட்ல அந்த லிங்கர் படி இல்ல, நாமளே போடணும். போடலைன்னா அன்வைண்டர் செக்‌ஷனைத் தாண்டிப் போய், பக்கத்துல இருக்கிற குப்பையை எல்லாம் எஃப்டிஇன்னு படிக்கும். பழைய லிப்ஜிசிசில இன்னொரு வேடிக்கை: பதிவு பண்ற நேரத்துல அது எதையும் திறந்து பார்க்காது, லிஸ்ட்ல மாட்டி வச்சிட்டுப் போயிடும். முதல் த்ரோ வரும்போதுதான் படிச்சு வரிசைப்படுத்தும். அதனால தப்பு பண்ணது காலைல, கிராஷ் ஆகுறது ராத்திரி. எல்எல்விஎம்மோட புது லிங்கர் ஜிட்லிங்க்ல இந்த நாலு பூஜ்யத்தைச் சேர்க்கிறதுக்கே தனியா ஒரு பாஸ் எழுதி வச்சிருக்காங்க. அதுலயே தெரியுது, எத்தனை பேரு இதுல விழுந்திருப்பாங்கன்னு.

ஒரே பேரு, ரெண்டு அளவு

லினக்ஸ்ல எல்லாம் ஓடிச்சு. டீம்ல ஒரு அக்கா மேக் வச்சிருந்தாங்க. "என் மெஷின்ல இன்னும் சாகுதுப்பா"ன்னாங்க.

பழைய கோயில் சுவர்கள்ல நிலம் அளக்குற கோலோட நீளத்தைக் கோடா வெட்டி வச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. எங்க மாவட்டத்துப் பக்கமும் உண்டு. ஏன் சுவர்ல வெட்டணும்? கோல்ங்கிற பேரு எல்லா ஊர்லயும் ஒண்ணு, நீளம் ஊருக்கு ஊரு வேற. இந்த ஊர்ல கோல்னா இதுதான்னு கல்லுல காட்ட வேண்டியிருந்துச்சு.

ரெஜிஸ்டர் ஃப்ரேமும் அந்தக் கோல்தான். லிப்ஜிசிசில அதுக்கு மொத்த செக்‌ஷனோட ஆரம்பத்தைக் கொடுக்கணும். எல்எல்விஎம் ஆட்கள் எழுதின லிப்அன்வைண்ட்ல, மேக்லயும் அதேதான், ஒரே ஒரு எஃப்டிஇயோட அட்ரஸைக் கொடுக்கணும். நூறு ஃபங்ஷன் இருந்தா நூறு தடவை கூப்பிடணும். பேரு அதே, வாங்குறது அதே ஒரு பாயிண்டர். கம்பைலர் வாயே திறக்காது.

மேக்ல மொத்த செக்‌ஷனைக் கொடுத்தா என்ன ஆகும்? செக்‌ஷன்ல முதல் பதிவு சிஐஇ. லிப்அன்வைண்ட் அதை எஃப்டிஇயாப் படிக்கப் பார்த்து, "இது எஃப்டிஇயே இல்ல, சிஐஇ"ன்னு கண்டுபிடிக்கும். கண்டுபிடிச்சு? டீபக் பில்டா இருந்தா ஒரு வரி சொல்லும். ரிலீஸ் பில்டுல ஒண்ணும் சொல்லாம விட்டுடும். அந்த ஃபங்ஷன் வாய்ட், எதையும் ரிட்டர்ன் பண்ணாது. நீங்களும் பதிவாயிடுச்சுன்னு நினைச்சுட்டுப் போயிடுவீங்க. தாலுகா ஆபீஸ்ல மனுவை வாங்கி வச்சுக்கிட்டு ரசீது கொடுக்காத மாதிரி. எனக்கு இந்த டிசைன்ல இன்னும் கோபம் இருக்கு, மறைக்க விரும்பல. சிஸ்டம் லெவல்ல "நான் ஏத்துக்கல"ன்னு சொல்ல முடியாத ஃபங்ஷனை யாரும் எழுதக் கூடாது.

தீர்வு எளிது. லிப்அன்வைண்ட் இருக்கிற இடத்துல செக்‌ஷனை நீங்களே நடந்து, சிஐஇயை விட்டுட்டு, ஒவ்வொரு எஃப்டிஇயையும் தனித்தனியா பதியணும். எல்எல்விஎம் உள்ளயே ரெண்டு வழியும் இருக்கு. எது உங்க சிஸ்டம்னு பில்ட் பண்ணும்போது பார்த்து முடிவு பண்ணும். பொறி என்னன்னா, லினக்ஸ்லயே லிப்அன்வைண்ட் போட்டு லிங்க் பண்ணலாம். அதனால "லினக்ஸ்னா இப்படி, மேக்னா அப்படி"ன்னு எழுதுறது போதாது. எந்த அன்வைண்டர் ஓடுதுன்னு பார்க்கணும்.

விண்டோஸைச் சுருக்கமா சொல்லிடறேன். 64 பிட் விண்டோஸ்ல டுவார்ஃப் அட்டவணை இல்ல, வேற வடிவம். ஆர்டிஎல் ஆட் ஃபங்ஷன் டேபிள்னு கூப்பிட்டுப் பதியலாம். இல்லைன்னா "இந்த மெமரி ஏரியாவுல ஏதாவது தேடினா என்னைக் கூப்பிடு"ன்னு ஒரு கால்பேக் கொடுத்து வைக்கலாம். அங்க பதிவு ஆச்சா இல்லையான்னு பதிலும் வரும்.

இடிச்ச வீட்டுக்கு வந்த பார்சல்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடுற கிராஷ். அடுத்ததுதான் என் தலைமுடியைக் கொட்ட வச்சது.

கஸ்டமர் ஃபார்முலாவை மாத்தினா, பழைய ஜிட் கோடை ஃப்ரீ பண்ணிடுவோம். மெமரியை விட்டாச்சு. ஆனா பதிவை எடுக்கல. டீ-ரெஜிஸ்டர் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கு, அதைக் கூப்பிட மறந்தாச்சு. வீட்டை இடிச்சாச்சு, பதிவேட்டுல வீடு இன்னும் நிக்குது.

ஒரு மணி நேரம் கழிச்சு, ஜிட்டுக்கு சம்பந்தமே இல்லாத இடத்துல, ஒரு கான்ஃபிக் ஃபைலைப் படிக்கிற கோட் சாதாரணமா ஒரு எக்ஸெப்ஷன் விட்டுச்சு. அன்வைண்டர் முதல்ல எங்க பார்க்கும்னு சொன்னேன்? பதிவு பண்ணின பட்டியல்ல. அந்தப் பட்டியல்ல இருக்கிற பாயிண்டர் போய் முட்டுற மெமரி இப்ப இல்ல. செக்மென்டேஷன் ஃபால்ட். ஸ்டாக் டிரேஸ்ல முழுக்க அன்வைண்டரோட ஃபங்ஷன் பேருதான். ஜிட் பேரே இல்ல. "லிப்ஜிசிசில பக் இருக்கு"ன்னு சேனல்ல எழுதினேன். இப்ப அந்த மெசேஜை டெலீட் பண்ணிட்டேன்.

கிராஷ் ஆனா இன்னும் அதிர்ஷ்டம். விட்ட மெமரி அதே அட்ரஸ்ல புது ஃபார்முலாவுக்குத் திரும்பக் கிடைச்சா? பழைய எஃப்டிஇ புது கோடுக்கு பதில் சொல்லும். "ரிட்டர்ன் அட்ரஸ் 24 பைட் மேல இருக்கு"ன்னு பழைய வீட்டு வரைபடத்தைக் காட்டும். புது ஃபார்முலால அது 40 பைட் மேல இருக்கும். அன்வைண்டர் ஏதோ ஒரு எண்ணை எடுத்து அதை அட்ரஸ்னு நம்பி நடக்க ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு சொல்ல முடியாது.

அதனால ஒழுங்கு இதுதான்: எந்த த்ரெட்டும் அந்த கோட்குள்ள இல்லைன்னு உறுதி பண்ணு, அப்புறம் டீ-ரெஜிஸ்டர், அப்புறம்தான் மெமரியை விடு. வரிசை மாறக் கூடாது. ரெண்டு தடவை டீ-ரெஜிஸ்டர் பண்ணவும் கூடாது. பதியாத ஒண்ணை எடுக்கச் சொன்னா லிப்ஜிசிசி அசர்ட் அடிச்சு புராசஸையே நிறுத்திடும். பதியும்போது வாயை மூடிட்டு இருக்கிற குடும்பம், எடுக்கும்போது மட்டும் இப்படிச் சத்தம் போடும்.

இன்னொரு செலவும் இருக்கு, அதை புரொஃபைலர்ல பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். பழைய லிப்ஜிசிசில, நீங்க எதையுமே பதியாத வரைக்கும் அந்தப் பட்டியலைப் பார்க்கிற வேலை மிச்சம். ஒரே ஒரு ஃப்ரேமைப் பதிஞ்சுட்டா போதும், அதுக்கப்புறம் அந்த புராசஸ்ல நடக்கிற ஒவ்வொரு த்ரோவும், எந்த மூலைல நடந்தாலும், ஒரே பூட்டைப் பிடிச்சுதான் பட்டியலைத் தேடும். நிறைய த்ரெட் ஒரே நேரத்துல எக்ஸெப்ஷன் விட்டா எல்லாம் ரேஷன் கடை வரிசைல நிக்கும்.

இதைத் தட்டிக் கேட்டவர் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல இருக்கிற தாமஸ் நாய்மன். அவங்க டீம் எழுதின உம்ப்ரான்னு ஒரு டேட்டாபேஸ், ஒவ்வொரு க்வெரியையும் மெஷின் கோடா மாத்தி ஓட்டும். அதாவது எங்களை மாதிரியே, ஆனா ரொம்பப் பெரிய அளவுல. 2022-ல சி பிளஸ் பிளஸ் கமிட்டிக்கு, கோர் எண்ணிக்கை கூடக் கூட எக்ஸெப்ஷன் எப்படித் திணறுதுன்னு ஒரு பேப்பர் எழுதினார். எழுதினதோட நிக்காம, பதிவு பண்ணின ஃப்ரேம்களை ஒரு பி-ட்ரீல வச்சு, தேடுறவங்க பூட்டே பிடிக்க வேண்டாத மாதிரி பேட்ச் கொடுத்தார். அது 2023-ல வந்த ஜிசிசி 13-ல சேர்ந்துச்சு. லோடர் பக்கத்துப் பூட்டுக்கு, அதுக்கு முந்தின வருஷமே ஜிலிப்சி 2.35-ல வேகமா தேடுற ஒரு புது ஃபங்ஷன் வந்துடுச்சு. நாங்க பண்ணின அப்கிரேட் அவ்வளவுதான்: கம்பைலர் வெர்ஷனை மாத்தினோம்.

"ஜாவாவுல இதெல்லாம் இல்லையே?"

அறந்தாங்கில இருந்து ஒரு தங்கச்சி, இன்ஜினியரிங் மூணாவது வருஷம், கேட்டிருந்தாங்க: ஜாவாவும் ஜிட்தானே, அங்க இப்படி யாரும் அழுது நான் பார்க்கலையேன்னு. நல்ல கேள்வி.

ஜாவாவோட ஹாட்ஸ்பாட் ஜேவிஎம், சிஸ்டத்தோட அன்வைண்டரை நம்பி இல்ல. தான் கம்பைல் பண்ணின ஒவ்வொரு மெத்தடோடயும், எந்த இடத்துல எக்ஸெப்ஷன் வந்தா எங்க தாவணும்னு ஒரு பட்டியலைத் தானே வச்சிருக்கும். கோடும் அதோட சொந்த கோட் கேஷ்ல இருக்கு, அட்ரஸைக் கொடுத்தா மெத்தடைக் கண்டுபிடிக்கத் தெரியும். பதிவேடு இருக்கு, ஆனா அவங்க வீட்டு அலமாரில இருக்கு. சி கோட் நடுவுல வந்தா? ஜேஎன்ஐல எக்ஸெப்ஷன் அந்த ஃப்ரேமைத் தாண்டிப் பறக்காது. ஒரு கொடியைத் தூக்கி வச்சிட்டு, திரும்பி வந்ததும் பார்க்கும்.

போஸ்ட்கிரெஸ் 2018-ல, வெர்ஷன் 11-ல, எல்எல்விஎம் ஜிட்டைச் சேர்த்தாங்க. அது சி-ல எழுதினது. எரர் வந்தா லாங்ஜம்ப். முன்னாடியே குறிச்சு வச்ச இடத்துக்கு ஒரே தாவு. லினக்ஸ்ல அதுக்கு நடுவுல இருக்கிற ஃப்ரேம் யாருன்னு தெரியவே வேண்டாம். டெஸ்ட்ரக்டர் எதுவும் ஓடாது, அதுதான் விலை.

நாங்களும் ஒரு கட்டத்துல யோசிச்சோம்: எதுக்கு இந்தத் தொல்லை, உதவி ஃபங்ஷன் த்ரோ பண்ணாம ஒரு எரர் கோட் திருப்பிக் கொடுக்கட்டும், ஜிட் கோட் அதைப் பார்த்துட்டு வெளிய வரட்டும்னு. நியாயமான யோசனை. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் முதல்ல இதைத்தான் சொல்லுவேன். ஆனா எங்க உதவி ஃபங்ஷன்கள் உள்ள ஸ்ட்ரிங் ஒதுக்கும், மேப்ல தேடும்; மெமரி தீர்ந்தா அதுவே த்ரோ பண்ணும். ஒவ்வொண்ணையும் சுத்தி கேட்ச் போட்டு எரர் கோடா மாத்தினாதான் உறுதி. எழுபது ஃபங்ஷன் இருந்துச்சு. பதிவேடே மேல்னு முடிவு பண்ணோம்.

ஒண்ணு கவனத்துல வச்சுக்கோங்க: அன்வைண்டர் கிட்ட பதிஞ்சா டீபக்கருக்குத் தெரியாது. ஜிடிபிக்குத் தனிப் பதிவு, அதுக்கு வேற ஒரு ஃபங்ஷன். பெர்ஃப் புரொஃபைலருக்கு டெம்ப் ஃபோல்டர்ல ஒரு மேப் ஃபைல் எழுதி வைக்கணும். ஒரே வீட்டுக்கு ஈபி கனெக்‌ஷனுக்கு ஒரு ஆபீஸ், வரிக்கு ஒரு ஆபீஸ், பட்டாவுக்கு ஒரு ஆபீஸ். ஜிடிபில ஃபார்முலா ஃப்ரேம் வெறும் ரெண்டு கேள்விக்குறியா வந்துச்சு. முதல் ராத்திரியே அந்தக் கேள்விக்குறியை மதிச்சிருந்தா மிச்ச ரெண்டு ராத்திரி தூங்கியிருப்பேன்.

இப்ப எங்க டெஸ்ட்ல மூணு விஷயம் இருக்கு. ஜிட் ஃப்ரேம் வழியா ஒரு எக்ஸெப்ஷனை விட்டு கேட்ச் ஆகுதான்னு பார்க்கும். அந்த ஃபார்முலாவை ஃப்ரீ பண்ணிட்டு, சம்பந்தமில்லாத இன்னொரு த்ரோ விட்டு, புராசஸ் உயிரோட இருக்கான்னு பார்க்கும். அப்புறம் அதே அட்ரஸ் திரும்பக் கிடைக்கிற மாதிரி, ஆயிரம் ஃபார்முலாவைக் கட்டி இடிச்சுக் கட்டி இடிச்சு, ஒவ்வொரு சுற்றுலயும் ஒரு த்ரோ விடும். லினக்ஸ்ல லிப்ஜிசிசியோட ஒரு தடவை, லிப்அன்வைண்டோட ஒரு தடவை, மேக்ல ஒரு தடவை. மூணாவது டெஸ்ட் எழுதின அன்னைக்கே இன்னொரு பக் பிடிபட்டுச்சு: ரீலொகேஷன் முடியறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிட்டிருந்தோம், அட்டவணைல இருந்த அட்ரஸ் எல்லாம் அரைகுறை. அதைச் சரி பண்ண ரெண்டு வரியை இடம் மாத்தினது போதுமா இருந்துச்சு.

மழை விட்டுடுச்சு. கரன்ட் போறதுக்குள்ள ஃபைலை சேவ் பண்ணிக்கிறேன். உங்க புரோகிராம்ல காரணம் தெரியாம டெர்மினேட் ஆன கதை இருந்தா மெயில் பண்ணுங்க, ஸ்டாக் டிரேஸோட.